விசித்திரமாகத் தோன்றிப் பிறகு உங்களுக்கு மிகவும் பிடித்துப்போன வெளிநாட்டு உணவு எது?

ஃபுனாசுஷி. ஏரி மீனை முதலில் உப்பிலும் பிறகு சோற்றிலும் மாதக்கணக்கில் ஊறவைத்துச் செய்யும் ஜப்பானியப் பண்டம். ‘உலகிலேயே அதிகம் நாற்றமெடுக்கும் உணவுகள்’ என்று இணையத்தில் சுற்றிவரும் பட்டியல்களில் இதன் பெயரும் அடிபடும். அந்தப் பட்டியல்களைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. ஒரு வீட்டார் மாதக்கணக்கில் காத்திருந்து திறக்கும் தொட்டியை, பந்தயம் கட்டி விழுங்குகிற பொருளாக ஆக்கிவிடுகிறார்கள். ஜப்பானுக்குப் போன புதிதில் நானும் பந்தயக்காரனைப் போலத்தான் சாப்பிடத் தொடங்கினேன். அதனால் அந்தத் தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமம். வேலை நிமித்தமாக நான்கு ஆண்டுகள் ஜப்பானின் ஷிகா மாகாணத்தில் இருந்தேன். மாகாணத்தின் ஆறில் ஒரு பங்கு தண்ணீர்தான். ஜப்பானின் மிகப் பெரிய ஏரியான பிவா, சுமார் 670 சதுர கிலோமீட்டர் பரப்பில் நடுவில் கிடக்கிறது. கடலைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த ஏரி ஆறுதலாக இருந்தது.

போன முதல் வாரத்திலேயே கடையில் நாட்டோ வாங்கினேன். சோயா பீன்ஸை வேகவைத்துப் புளிக்கவைப்பது என்று கேள்விப்பட்டிருந்தேன். இட்லி மாவு பொங்குவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது என்ன பெரிய விஷயம் என்ற நினைப்பு. அறைக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து, குளிர்ந்த நிலையிலேயே ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டேன். நண்பர்களுக்கு அனுப்புவதற்காகக் கைபேசியில் படம் வேறு பிடித்துக்கொண்டிருந்தேன். அழுக்குக் காலுறையின் வாடை, அதோடு லேசான அம்மோனியா, உதட்டிலிருந்து கரண்டிவரை அறாமல் நீளும் நூல். துப்பிவிட்டேன்.

‘புளிக்கவைப்பது’ என்ற சொல்தான் என்னை ஏமாற்றியது. நாட்டோவில் புளிப்பே கிடையாது. இட்லி மாவில் வேலை செய்கிற நுண்ணுயிர்கள் அமிலத்தை உண்டாக்குகின்றன. நாட்டோவில் இருப்பது வைக்கோலில் வாழும் பாசிலஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியா. முற்காலத்தில் வெந்த பயற்றை வைக்கோலில் பொதிந்து கதகதப்பான இடத்தில் வைத்தாலே போதும், நாட்டோ ஆகிவிடும். அந்தப் பாக்டீரியா பயற்றின் புரதத்தை உடைக்கிறது. அந்த வாடையும் நூலும் அதனால் வருபவை. இதே முறையில் சோயாவைப் பக்குவப்படுத்தும் வழக்கம் நம் நாட்டிலேயே உண்டு. நாகாலாந்தில் அக்குனி, மேகாலயத்தில் துங்ரிம்பாய், மணிப்பூரில் ஹவாய்ஜார், சிக்கிமில் கினெமா. இவை எதையும் அறியாமல் ஜப்பானில் போய் நின்று ‘இது என்ன விசித்திரம்’ என்று கேட்டிருக்கிறேன்.

தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த ஒருவர் மித்தோ நகரத்துக்காரர். நாட்டோவுக்குப் பேர்போன ஊர் அது. நான் வெறும் நாட்டோவைக் கரண்டியில் அள்ளிச் சாப்பிட்ட கதையைக் கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது. “ஊறுகாயை மட்டும் வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டு உங்கள் ஊர்ச் சாப்பாடு சரியில்லை என்று ஒருவர் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார். மறுநாள் மதியம் தன் சாப்பாட்டுப் பெட்டியோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். முதலில் எதையும் சேர்க்காமல் குச்சியால் கிளறச் சொன்னார். கிளறக் கிளறப் பயற்றைச் சுற்றி வெள்ளை நுரை கட்டியது. அதற்குப் பிறகே சோயா சாஸ், பெட்டியோடு வரும் கடுகு விழுது, பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள். எல்லாவற்றையும் ஆவி பறக்கும் சோற்றின்மேல் ஊற்றினார். கடுகின் காரம் மூக்கில் ஏறிய அதே நொடியில் அந்த வாடை பின்னுக்குப் போய்விட்டது. எஞ்சியது வறுத்த கடலைக்கும் பாலாடைக் கட்டிக்கும் இடைப்பட்ட ஒரு ருசி. பிடித்துவிட்டது என்று அன்று சொல்ல மாட்டேன். துப்பவில்லை.

முழுமையாக வசப்பட்டது கோடையில்தான், அதுவும் வெண்டைக்காயின் தயவில். எங்கள் வீட்டில் வெண்டைக்காயை நறுக்கும் முன் கழுவித் துணியால் துடைத்து உலர்த்துவார்கள். வதக்கும்போது வழவழப்பு போகவில்லையென்றால் புளிக்கரைசலோ மோரோ தெளிப்பார்கள். ‘கொழகொழவென்று இருக்கிறது’ என்றால் அது பொரியலைக் குறைசொல்லும் வார்த்தை. ஜப்பானில் ‘நேபா நேபா’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். வழுக்கலும் பிசுபிசுப்புமான பண்டங்களையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பாராட்டுகிற சொல். வெண்டைக்காயை ஒரு கொதி விட்டு, வட்டவட்டமாக நறுக்கி, வழவழப்பு இன்னும் கூடும்படி அடித்துக் கலக்குகிறார்கள். அதில் நாட்டோவையும் துருவினால் வழவழக்கும் ஒரு கிழங்கையும் சேர்த்துச் சோற்றில் ஊற்றுகிறார்கள். ஆகஸ்டு மாதப் புழுக்கத்தில் எதையும் மெல்லப் பிடிக்காத நேரத்தில் அது தொண்டையில் தானாக இறங்குகிறது. நான் அறிந்த வெண்டைக்காயை, என் வீட்டில் வேண்டாம் என்று ஒதுக்கிய குணத்துக்காகவே கொண்டாடுகிறார்கள் என்று கண்டபோது நாட்டோவின் நூலும் அருவருப்பாகத் தெரியவில்லை.

(நாட்டோவை முயல நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தொடவே கூடாது. அதில் வைட்டமின் கே மிகுதி. மருந்தின் வேலையைக் கெடுத்துவிடும்.)

அடுத்த ஜனவரியில் என் முறை வந்தது. பொங்கலன்று உடன் வேலை செய்பவர்கள் ஆறு பேரை வீட்டுக்கு அழைத்துச் சர்க்கரைப் பொங்கலும் பால் பாயசமும் வைத்தேன். சேமியா கிடைக்காததால் பாயசத்துக்கும் அரிசிதான். பாயசக் கிண்ணத்தை ஒருவர் குனிந்து பார்த்தார், மற்றவரைப் பார்த்தார். சோற்றைப் பாலில் வேகவைத்துச் சர்க்கரை போடுவதா? அவர்கள் முகத்தில் நான் கண்டது, நாட்டோ பெட்டியைத் திறந்தபோது என் முகத்தில் இருந்திருக்கக்கூடிய அதே பாவனை. ஒரு வாய்க்கு மேல் யாரும் சாப்பிடவில்லை. ஆனால் சர்க்கரைப் பொங்கலை எடுத்துக்கொண்ட ஓர் அம்மையார், அரிசியோடு பருப்பும் குழைந்திருப்பதைப் பார்த்துவிட்டு “இது ஓஹாகி மாதிரி” என்றார். ஓஹாகி என்பது ஒட்டும் அரிசி உருண்டையின்மேல் இனிப்புப் பயற்றுப் பூரணத்தைப் பொதிந்து செய்வது. அந்த ஒரு வார்த்தைதான். பாத்திரம் காலியானது.

புதிய சுவை உள்ளே வர, ஏற்கெனவே நாக்கில் குடியிருக்கும் ஒரு பழைய சுவை கைபிடித்து அழைத்துவர வேண்டும் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. பாயசத்துக்கு அப்படி ஒரு துணை அவர்களிடம் இல்லை. பொங்கலுக்கு இருந்தது. அதற்குப் பிறகு எந்தப் புதுப் பண்டத்தைக் கண்டாலும், இதற்கு என்னிடம் உறவு யார் என்றுதான் முதலில் தேடுகிறேன். கோடையில் தர்பூசணிக்கு உப்புத் தொட்டுக் கொடுத்தபோது யோசிக்கவே இல்லை. கொய்யாவுக்கும் மாங்காய்க்கும் உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டுத் தின்றவர்கள்தானே நாம்.

இனி ஃபுனாசுஷி. நான் குடியிருந்த வீட்டுக்கு அடுத்த வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு தம்பதி. அந்த அம்மா ஆண்டுதோறும் வீட்டிலேயே ஃபுனாசுஷி போடுவார். அதற்கு வேண்டிய மீன் நிகோரோபுனா, பிவா ஏரிக்கே உரிய கெண்டை இன மீன். வசந்த காலத்தில் சினையோடு கிடைக்கும்போது வாங்கி, வயிற்றைக் கீறாமல் செவுள் வழியாகவே குடலை எடுத்துவிட்டு, சினையை உள்ளேயே விட்டு உப்பில் புதைத்துவிடுவார்கள். கோடையின் உச்சத்தில்தான் அடுத்த கட்டம். அந்த ஜூலை மாதம் என்னையும் உதவிக்குக் கூப்பிட்டார்கள்.

உப்பைக் கழுவிய மீன்கள் கொட்டகையில் கம்பிக்கொடியில் ஈரம் வடியத் தொங்கின. அவர் ஒவ்வொன்றின் செவுளைத் திறந்து, உப்புக் கலந்த ஆறிய சோற்றைக் கட்டைவிரலால் உள்ளே அழுத்தித் திணித்தார். மரத்தொட்டியில் சோறு ஓர் அடுக்கு, மீன் ஓர் அடுக்கு, மறுபடி சோறு. இடைவெளியில் காற்று தங்கிவிடாமல் முஷ்டியால் குத்திக் குத்தி இறுக்கினார். அதன்மேல் உள்மூடி, மூடியின்மேல் கல், கல் நனையும்படி உப்புத்தண்ணீர். தண்ணீர் நிற்கிறவரை காற்று உள்ளே புகாது. உப்பின் வேலை மீன் கெடாமல் காப்பது. சோற்றின் வேலை புளித்து அமிலமாகி மீனைப் பதப்படுத்துவது. எங்கள் ஊரில் கருவாட்டுக்கு உப்புப் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். பானையில் சோறு புளிப்பதையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே தொட்டிக்குள் நடப்பதை அன்றுதான் பார்த்தேன்.

சுஷி என்பதன் பழைய வடிவமே இதுதான். பச்சை மீன் துண்டை வினிகர் கலந்த சோற்றில் வைத்துத் தருவது பின்னால் வந்தது. சோறு தானே புளிக்கும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாத காலத்தில் வினிகர் அந்தப் புளிப்பின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 10ஆம் நூற்றாண்டில் ஜப்பானிய அரசவை தொகுத்த ‘எங்கிஷிகி’ என்ற விதித் தொகுப்பில், வரியாகச் செலுத்த வேண்டிய பொருள்களுக்கிடையே சுஷி வகைகள் வருகின்றன. மீனைச் சோற்றோடு புளிக்கவைக்கும் வழக்கம் தாய்லாந்திலும் பிலிப்பைன்சிலும் இன்றும் இருக்கிறது. வெள்ளம் வரும்போது மீன் குவியும், வடிந்த பிறகு கிடைக்காது. வயலில் அரிசி விளைகிற ஊர்களுக்கு இது பிழைப்புக்கான வழி.

ஜனவரி முதல் வாரத்தில் தொட்டியைத் திறந்தார்கள். கல்லை இறக்கியதும் வந்த வாடையை மறைத்துப் பேச மாட்டேன், கடுமையாகத்தான் இருந்தது. முதலில் இரண்டு நாள் பழைய கஞ்சி, அதன் பின்னால் முற்றிய பாலாடைக் கட்டி, எல்லாவற்றுக்கும் அடியில் மீன். அந்த அம்மா ஒட்டியிருந்த சோற்றை விரலால் வழித்துவிட்டு, மீனைக் குறுக்குவாட்டில் மிக மெல்லிய வில்லைகளாக அரிந்தார். ‘நறுக் நறுக்’ என்ற சத்தமே இல்லை. எலும்பு முள்ளங்கிபோல வெட்டுப்பட்டது. ஒவ்வொரு வில்லையின் நடுவிலும் ஆரஞ்சு நிறச் சினை, சுற்றிலும் சாம்பல் நிறத் தோல். வில்லைகளை மறுபடி மீனின் வடிவத்திலேயே தட்டில் அடுக்கினார்.

பெரியவர் “மூக்கால் சாப்பிடாதே, வாயால் சாப்பிடு” என்றார். அதற்குள் ஒரு விவரம் இருக்கிறது. மூக்கின் முன்வழியாக இழுக்கும் வாசனையை மூளை வெளியுலகத்துப் பொருளாகக் கணக்கில் வைக்கிறது. மெல்லும்போது தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் அதே வாசனையை வாயில் இருக்கும் சுவையாகக் கணக்கில் வைக்கிறது. பலாப்பழமோ பெருங்காயமோ அப்படித்தான். பெருங்காயத்துக்கு ஜெர்மன் மொழியில் ‘பேயின் மலம்’ என்று பொருள்படும் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்கள் டப்பாவை முகர்ந்து வைத்த பெயர் அது, ரசத்தைக் குடித்து வைத்ததல்ல.

வில்லையை வாயில் போட்டேன். முதலில் கண் சுருங்கும் புளிப்பு, அடுத்து உப்பு. கடித்ததும் சினை வெண்ணெய்போலக் கரைந்தது. அதற்குள் எனக்குத் தூத்துக்குடி வந்துவிட்டது. மண்பானையிலிருந்து ஆச்சி அள்ளி வைக்கும் பழைய சோறு, பக்கத்தில் தணலில் சுட்ட கருவாடு. கருவாட்டைக் கடித்துவிட்டு நீராகாரத்தை உறிஞ்சும்போது வாயில் ஒரு நொடி இரண்டும் சேர்ந்து நிற்குமே, அந்த நொடியைத்தான் இவர்கள் ஐந்து மாதம் கல்லின் கீழ் வைத்து ஒரே வில்லையாக ஆக்கியிருக்கிறார்கள். கண்ணில் நீர் வந்துவிட்டது. புளிப்பினால் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். நான் திருத்தவில்லை.

அடுத்த வாரம் எனக்குச் சளியும் காய்ச்சலும் வந்தபோது, சூடான சோற்றின்மேல் இரண்டு ஃபுனாசுஷி வில்லைகளை வைத்துக் கொதிக்கும் பச்சைத் தேநீரை ஊற்றிக் கொண்டுவந்தார் அந்த அம்மா. வயிறு சரியில்லாவிட்டாலும் காய்ச்சலென்றாலும் அங்கே இதுதான் கைவைத்தியம். தேநீரில் புளிப்பும் உப்பும் இறங்கி ரசம்போல ஆகிவிடுகிறது. அன்று முழுவதும் வேறு எதுவும் உள்ளே போகவில்லை, இது போயிற்று.

வருத்தமான செய்தியும் உண்டு. வெளியிலிருந்து வந்த கரும்பாஸ், புளூகில் மீன்கள் ஏரியில் குஞ்சுகளைத் தின்றதாலும், முட்டையிடும் நாணல் கரைகள் அழிந்ததாலும் நிகோரோபுனா குறைந்துபோனது. கடையில் சினையுள்ள ஒரு ஃபுனாசுஷி மீன் சில ஆயிரம் யென் ஆகிறது. வீட்டில் போடுகிறவர்களும் குறைந்துவருகிறார்கள்.

எல்லாம் பிடித்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். கணவாயை அதன் குடலிலேயே ஊறவைக்கும் ஷியோகாராவை நான்கு முறை முயன்றேன், நான்கு முறையும் முடியவில்லை. இசு தீவுகளின் குசாயா கருவாட்டைப் பற்றி மரியாதையோடு சொல்ல முடியும், ஆசையோடு அல்ல. எடோ காலத்தில் அத்தீவினர் உப்பையே வரியாகக் கட்டியதால் கைவசம் உப்பு குறைவு. அதனால் ஒரே உப்புநீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி, அது தலைமுறை தலைமுறையாகப் பழுத்து வந்திருக்கிறது. சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் ஜப்பானில் கவனமாக இருக்க வேண்டும். காய்கறிக் குழம்புபோலத் தெரிவதிலும் தாஷி என்ற மீன் சாறு இருக்கும்.

அந்தத் தாஷிதான் கடைசியில் எங்கள் வீட்டுக் கருவாட்டை ஷிகாவுக்கு வரவழைத்தது. கொம்பு என்ற கடற்பாசியையும் கட்சுவோபுஷி என்ற உலர்மீன் சீவலையும் சேர்த்து வடிப்பது தாஷி. 1908இல் இக்கேதா கிக்குனாயே என்ற வேதியியல் பேராசிரியர் கொம்புச் சாற்றிலிருந்து குளூட்டமேட் என்ற பொருளைப் பிரித்து, அது தரும் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். அவருடைய மாணவர் கொதாமா 1913இல் உலர்மீனில் அதேபோலச் சுவை தரும் இனோசினேட்டைக் கண்டறிந்தார். இரண்டும் சேரும்போது சுவை பல மடங்காகக் கூடுகிறது. எங்கள் பக்கம் தக்காளி போட்ட மாசிக் குழம்பில் நடப்பதும் இதுதான். தக்காளியில் குளூட்டமேட், மாசிக் கருவாட்டில் இனோசினேட். மாசிக் கருவாடு சூரை மீனை வேகவைத்துப் புகையூட்டிக் காயவைப்பது. மாலத்தீவிலிருந்து அது இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் போனதாக 14ஆம் நூற்றாண்டிலேயே இப்னு பதூதா எழுதியிருக்கிறார்.

மூன்றாம் ஆண்டு விடுமுறை முடிந்து திரும்பும்போது அரைக் கிலோ மாசி கொண்டுபோனேன். பெரியவர் இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிக் காதருகில் வைத்துக் கேட்டார். கட்சுவோபுஷி நன்றாகக் காய்ந்திருந்தால் கட்டைபோல ஒலிக்கும். பிறகு இழைப்புளி பதித்த மரப்பெட்டியை எடுத்துச் சீவினார். அவர்களுடைய மீனுக்குப் பல மாதங்கள் பூஞ்சை ஏற்றி ஈரத்தை முழுவதும் உறிஞ்சிவிடுவார்கள். அதனால் சுருள் சுருளாக வரும். நம் மாசிக்கு அது கிடையாது, தூளும் துண்டுமாக உதிர்ந்தது. ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. என்ன மீன் என்று கேட்டார். கைபேசியில் சூரை மீன் படத்தைக் காட்டினேன். “கட்சுவோ!” என்று உரக்கச் சொல்லி மனைவியைக் கூப்பிட்டார்.

அன்றிரவு சோற்றில் தண்ணீர் ஊற்றி வைக்கச் சொன்னேன். அவர்களுக்குப் புதிய வழக்கம், தயங்கித்தான் ஊற்றினார் அந்த அம்மா. ஆகஸ்டு மாதப் புழுக்கத்தில் விடிவதற்குள் நன்றாகவே புளித்திருந்தது. ஜப்பானிய அரிசி ஒட்டும் அரிசி, நீராகாரம் கூழ்போலத் திரண்டிருந்தது. மாசியை இடித்து, வற்றல் மிளகாயும் தேங்காயும் சின்ன வெங்காயமும் வைத்துச் சம்பல் அரைத்தேன். பெரியவர் காரத்தில் வியர்த்துக்கொண்டே இரண்டாவது கிண்ணத்தை நீட்டினார். அந்த அம்மா கிண்ணத்தைத் தூக்கி நீராகாரத்தை மட்டும் ஒரு வாய் குடித்து, கண்ணை மூடித் திறந்து, கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே போன மாதம் நாங்கள் மூவரும் அடுக்கிய புதுத் தொட்டி, மேலே கல்லோடு இருந்தது.